ரசீதில் ‘மகள்’ என்று இருந்தால் அது மகளிருக்கான கொடையா?

கேள்வி: கடலூரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் பாடம் எடுக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் வீடு. புதுச்சேரியில் இருக்கும் ஆய்வு நிறுவனம் ஒன்றில் பகுதிநேர ஃபெல்லோஷிப் கிடைத்திருக்கிறது. ஜூன் முதல் மார்ச் வரை, வாரத்துக்கு இரண்டு நாள் வேலை. தலைப்பு, பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் போய்ச்சேரும் நன்கொடை. கடலூர், புதுச்சேரி இரண்டையும் எடுத்துக்கொண்டு, மொத்த நன்கொடையில் பெண்களுக்குப் போவது எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடலாம் என நினைக்கிறேன். புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்? அமைப்புகள் கணக்கைக் காட்டுமா? காப்பகத்துச் சிறுமிகளைப் பேட்டி எடுக்கலாமா? பத்து மாதம் போதுமா? கல்லூரியில் என்ன சொல்லி அனுமதி வாங்குவது?
– வாசகி, கடலூர்

பதில்: முதலில் அந்தச் சதவீதத்தை விட்டுவிடுங்கள். சதவீதம் போட மேலே ஓர் எண் வேண்டும், கீழே ஓர் எண் வேண்டும். கடலூர் மாவட்டத்தில் ஓராண்டில் எல்லாரும் கொடுத்த மொத்த நன்கொடை எவ்வளவு என்ற கீழ் எண் எந்த அலுவலகத்திலும் இல்லை. கோயில் உண்டியல், பள்ளிவாசல், தேவாலயம், பிறந்தநாள் சாப்பாடு, வீட்டு வேலை செய்யும் அக்காவின் மகளுக்குக் கட்டிய பீஸ் எல்லாம் அதில் சேரும். அதை நீங்கள் இரண்டு நாள் வேலையில் கட்டி எழுப்ப முடியாது.

அமெரிக்காவில் இப்படி ஓர் எண் போட்டிருக்கிறார்கள். இண்டியானா பல்கலைக்கழகத்தின் மகளிர் கொடை ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட குறியீட்டின்படி, 2016இல் அந்நாட்டு மொத்த அறக்கொடையில் பெண்கள், சிறுமிகளுக்கான அமைப்புகளுக்குப் போனது 1.6 சதவீதம். உங்கள் வழிகாட்டியும் இதைத்தான் முதலில் மேற்கோள் காட்டுவார். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். அங்கே தொண்டு அமைப்புகள் வரித்துறைக்குக் கொடுக்கும் ஆண்டுக் கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வரும். அதிலிருந்து பெண்களுக்காகவே இயங்கும் அமைப்புகளை மட்டும் பிரித்து எண்ணினார்கள். பெரிய பொது அமைப்பு ஒன்று பெண்களுக்கெனத் தனித் திட்டம் நடத்தினால் அது கணக்கில் வராது. ஆகவே பெண்களுக்குப் போகும் பணமே 1.6 சதவீதம்தான் என்று எழுதினால் தவறு. நம் ஊர் எண்ணை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இரண்டாவது தவறு.

உங்களால் செய்ய முடிந்ததும் செய்ய வேண்டியதும் வேறு. பதினெட்டு அமைப்புகளின் மூன்றாண்டுக் கணக்கை ரசீது வரை இறங்கிப் படித்து, பெண்களுக்கென்று கேட்டு வாங்கிய பணம், பெண்களுக்கென்று செலவான பணம் இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று காட்டுவது. வணிகவியல் படித்தவருக்கு இது கைவந்த வேலை.

எதை எண்ணுவது என்ற விதியை ஜூன் மாதமே ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். மூன்று கட்டம் போதும். அமைப்பின் நோக்கமே பெண்கள், சிறுமிகள் என்றால் முதல் கட்டம்: பெண்குழந்தைகள் காப்பகம், விதவையர் இல்லம், பணிபுரியும் மகளிர் விடுதி போன்றவை. பொது அமைப்பு, ஆனால் பெண்களுக்கென்று தனித் திட்டமும் தனிச் செலவுக் கணக்கும் இருந்தால் இரண்டாம் கட்டம். எல்லாருக்குமான உதவியில் பெண்களும் பயன்பெற்றால் மூன்றாம் கட்டம்.

மூன்றாம் கட்டத்தில்தான் எல்லாரும் வழுக்கி விழுவார்கள். வடலூரை நினைத்துப் பாருங்கள். வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவர் ஆணா பெண்ணா என்று பார்த்துப் போடும் சோறு அல்ல அது. அங்கே வரும் அரிசியில் பாதி பெண்களுக்கு என்று பிரித்து எழுதுவது பார்க்கக் கணக்காகத் தோன்றும், உண்மையில் கற்பனை. அன்னதானம் முழுவதையும் கணக்குத் தாளில் ‘பிரிக்க இயலாதது’ என்ற தனிப் பத்தியில் போடுங்கள். வருகைப் பதிவேடு இருக்கும் இடத்தில் மட்டும் பிரிக்கலாம். உதாரணத்துக்கு, 320 பேர் படிக்கும் பள்ளிக்கு 8,00,000 ரூபாய் வந்தது, பதிவேட்டில் பெண்குழந்தைகள் 180 பேர் என்றால், 180/320 வீதம் 4,50,000. அதையும் முதல் கட்டத்தோடு கூட்டாமல், ‘தலைக்கணக்கில் பிரித்தது’ என்று பெயரிட்டுத் தனியே வையுங்கள்.

சில்லறைத் தகராறுகள் நிறைய வரும். ஏழைப் பெண்ணின் திருமணத்துக்குத் தாலி, சீர் கொடுப்பது? எண்ணுங்கள், ஆனால் தனி வரியில். அது பெண்ணுக்குப் போகிறதா, பெண்ணைப் பெற்றவரின் கல்யாணச் செலவுக்குப் போகிறதா என்பது நியாயமான கேள்வி. அதற்காக உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று கணக்கிலிருந்து தூக்கிவிடக் கூடாது. நம் பகுதியில் பெண்ணுக்கு உதவி என்றதும் கொடையாளர் மனதில் முதலில் வருவது பெரும்பாலும் அதுதான். சுயஉதவிக் குழுக் கடன்? வட்டியோடு திரும்புகிற பணம் நன்கொடை ஆகாது. தையல் மிஷின் வழங்கும் விழா? மிஷின் வாங்கிய பில் தொகையை ஒரு முறை மட்டும் எழுதுங்கள். சங்கம், ஸ்பான்சர் கம்பெனி, வாங்கிக் கொடுத்த டிரஸ்ட் மூன்று பேரும் தங்கள் ஆண்டறிக்கையில் அதையே போட்டிருப்பார்கள். புதுமைப் பெண் திட்டம், மகளிர் உரிமைத் தொகை எதுவும் உங்கள் கணக்கில் வரக்கூடாது. அது அரசுப் பணம். கொடையாளரிடம் பேசும்போது ‘அதான் கவர்மென்ட்டே மாசம் ஆயிரம் குடுக்குதே’ என்ற பதில் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவே.

இனி ஊர் எல்லை. இரண்டு ஊரையும் எடுக்காதீர்கள். கடலூர் மாவட்டத்தைக் களமாக வையுங்கள். புதுச்சேரியில் பதிவாகி, கடலூர்க் கிராமங்களில் செலவு செய்யும் அமைப்புகள் இருந்தால் அவற்றை மட்டும் சேருங்கள். பதிவு எங்கே என்பதைவிடப் பணம் எங்கே செலவாகிறது என்பதே விதி. காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சங்கங்கள் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன, புதுச்சேரியில் சட்டமும் அலுவலகமும் வேறு. மத்திய அரசின் தளங்களில் ‘புதுச்சேரி’ என்று மாநில வாரியாக வரும் தொகையில் காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் சேர்ந்தே இருக்கும். பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, பின்கோடு 607402, அதாவது கடலூர் வரிசை. ஆரோவில் 605101, பாண்டிச்சேரி வரிசை. இடமோ பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டம். முகவரியில் தாலுகாவைப் பார்த்துப் பிரிப்பதே சரி.

பட்டியல் எடுக்க நான்கு இடம். நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பன் தளத்தில் மாவட்ட வாரியாகப் பெயர்கள் கிடைக்கும். வருமான வரித்துறைத் தளத்தில் வரிவிலக்குப் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பதிவு பெற்ற குழந்தைகள் இல்லங்களின் பட்டியலுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கடிதம் கொடுங்கள். நான்காவது, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர், யார் வழியாகச் செலவாகிறது என்ற விவரம். நான்கையும் ஒரே எக்செல் தாளில் போட்டு இரட்டிப்புகளை நீக்குங்கள். ஒரே டிரஸ்ட் ‘ஸ்ரீ’ சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை இருக்கும். பான் எண்ணை வைத்துச் சரிபார்த்தால் தப்பாது. பட்டியலில் இருப்பவற்றில் பல பெயர்ப்பலகை மட்டும்தான். வேறு வேறு நாளில் மூன்று முறை போன் செய்து எடுக்காவிட்டால் நேரில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு நீக்குங்கள். எத்தனை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்பதை அறிக்கையில் எழுத வேண்டும்.

மிஞ்சுவதை ஆண்டு வரவுப்படி மூன்றாகப் பிரியுங்கள்: 5 லட்சத்துக்குக் கீழ், 5 முதல் 50 லட்சம், அதற்கு மேல். ஒவ்வொன்றிலும் ஆறு. எண்ணிக்கையில் சின்ன அமைப்புகள் அதிகம், பணமோ பெரிய சிலவற்றில் குவிந்திருக்கும். எனவே பதினெட்டின் சராசரியை மாவட்டத்தின் சராசரியாக ஒருபோதும் எழுதாதீர்கள்.

சிஎஸ்ஆர் தகவல்தான் உள்ளதிலேயே எளிது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் பிரிவு 135இன்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் மாநிலம், மாவட்டம், துறை வாரியாகத் தேடலாம். பாலினச் சமத்துவம், மகளிர் மேம்பாடு என்று தனித் துறைகளே உண்டு. அதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கட்டிய கழிப்பறை ‘சுகாதாரம்’ என்றும், அதே பள்ளியின் ஸ்மார்ட் வகுப்பறை ‘கல்வி’ என்றும் பதிவாகியிருக்கும். மாவட்டமே குறிப்பிடாத தொகையும் உண்டு. நெய்வேலியில் என்எல்சி, கடலூரில் சிப்காட் கம்பெனிகள் என்று உங்கள் மாவட்டத்துக்கு ஆள் குறைவில்லை; கம்பெனியின் ஆண்டறிக்கையில் சிஎஸ்ஆர் இணைப்பைத் திறந்து திட்டம் திட்டமாக வரி படியுங்கள்.

அமைப்புகள் கணக்குக் காட்டுமா என்றால், ‘கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேட்டால் காட்டாது. என்ன வேண்டும் என்று காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலர் காட்டுவார்கள். ஆய்வு நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் தமிழில் ஒரே பக்கக் கடிதம். அதில் கேட்க வேண்டியவை: 2022–23, 2023–24, 2024–25 ஆண்டுகளின் ஆடிட் செய்த பெறுதல்–செலுத்தல் கணக்கும் வருவாய்–செலவுக் கணக்கும், 10பிடி என்ற கொடையாளர் பட்டியல் படிவத்தின் தொகுப்பு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஏதாவது ஒரு மாதத்தின் ரசீதுப் புத்தகம், பயனாளிகளின் எண்ணிக்கை. பெயர்ப் பட்டியல் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். கொடுக்க மறுக்கும் இடம் சங்கமாகப் பதிவானது என்றால், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அது தாக்கல் செய்ததைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். டிரஸ்டுக்கு அந்த வசதி கிடையாது.

போகும் மாதமும் முக்கியம். செப்டம்பர், அக்டோபரில் ஆடிட் முடித்து வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடி. நவம்பர், டிசம்பரில் நம் கடற்கரையில் மழையும் புயலும். வெளிநாட்டு நிதி வாங்குவோருக்கு டிசம்பர் 31க்குள் எஃப்சி-4 கணக்கு வேறு. எனவே ஜூலை, ஆகஸ்டில் ஒரு சுற்று, பொங்கல் முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் மறு சுற்று. முதல் சுற்றில் விடுபட்டதை மறு சுற்றில் கேட்டு வாங்குங்கள்.

10பிடி என்பது 80ஜி அனுமதி (கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு தரும் அனுமதி) பெற்ற அமைப்பு, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் பட்டியல். 2021–22க்கு முன் அது கிடையாது. அதில் கொடையாளரின் அடையாள எண், பெயர், முகவரி, நன்கொடை வகை, ரொக்கமா பொருளா வங்கி வழியா, தொகை என்பவை இருக்கும். கொடுத்தவர் ஆணா பெண்ணா, எதற்காகக் கொடுத்தார் இரண்டும் இருக்காது. பெயரைக் கேட்டு வம்பில் மாட்டிக்கொள்ளாமல், பான் எண்ணின் நான்காம் எழுத்தையும் தொகையையும் மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எழுத்து பி என்றால் தனிநபர், சி என்றால் கம்பெனி, எஃப் கூட்டு நிறுவனம், டி டிரஸ்ட், ஹெச் இந்துக் கூட்டுக் குடும்பம். டி வரும் தொகைகளைச் சிவப்பில் வையுங்கள். ஒரு டிரஸ்ட் இன்னொன்றுக்குக் கொடுத்த பணம் அது. பதினெட்டுக்குள் இருவரும் இருந்தால் இரண்டு முறை கூட்டிவிடுவீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. நீங்கள் பார்ப்பது பழைய ஆண்டுகள், பழைய எண்ணையே சொல்லிக் கேளுங்கள்.

10பிடி தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் கொடை குறைந்துவிட்டது என்று உடனே எழுதவேண்டாம். 2023–24 முதல், பழையதே வேண்டும் என்று தேர்ந்தெடுக்காதவருக்குப் புதிய வருமான வரிமுறைதான்; அதில் 80ஜி கழிவு கிடையாது. கழிவு இல்லாதவர் பான் எண் தந்து ரசீது கேட்க மெனக்கெட மாட்டார். பணம் அதே அளவு வந்துகொண்டே இருக்கும், பட்டியல் மட்டும் இளைத்திருக்கும். பெறுதல்–செலுத்தல் கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

இப்போது ரசீதுப் புத்தகம். கார்பன் நகலில் நீங்கள் பார்க்க வேண்டியது ‘வகைக்கு’ என்ற வரி. பொது, அன்னதானம், கல்வி, அப்பா திதி, மகள் பிறந்தநாள் என்றெல்லாம் எழுதியிருக்கும். உங்கள் மாணவர் யாரையாவது தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு, பிறகு பெண், மகள், அம்மா என்ற சொற்களைத் தேடி எண்ணினால் ‘மகள் பிறந்தநாள்’ முழுவதும் மகளிர் கொடையாக ஏறிவிடும். அது கொடுத்த காரணம். கொடுக்கப்பட்ட நோக்கம் அல்ல. மகள் பிறந்தநாளுக்கு வந்த பணம் ஆண்பிள்ளைகள் விடுதியில் மதியச் சாப்பாடாகியிருக்கும். காரணம், நோக்கம் இரண்டுக்கும் இரண்டு பத்தி போடுங்கள். எழுதாமல் விட்ட வரிக்கு நீங்களாக ஊகித்து நிரப்பாதீர்கள்.

அதே நகலில் இன்னொன்றும் கண்ணில் படும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி கழிவு இல்லை. ஒரே நாளில் அடுத்தடுத்த எண்ணில், ஒரே முகவரியில், தலைக்கு இரண்டாயிரமாக நாலு ரசீது இருந்தால் கொடையாளர் நாலு பேர் என்று எண்ணாமல் ஒரு குடும்பம் என்று எண்ணுங்கள். ரசீதில் கணவர் பெயர் இருப்பதை வைத்து ஆண்களே அதிகம் கொடுக்கிறார்கள் என்ற முடிவுக்கும் போகவேண்டாம். பான் அவருடையது, கொடுக்கலாம் என்று முடிவெடுத்தவர் வீட்டுக்காரியாக இருக்கலாம்.

பொருளாக வந்ததில் அரிசி மூட்டை, நாப்கின் பெட்டி, நோட்டுப் புத்தகம் மூன்றுக்கும் வந்த மாதத்துக் கடை விலையைப் போடலாம். பழைய துணிக்கு விலை போடாதீர்கள், மூட்டை எண்ணிக்கை போதும். மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாட்டுக்கும் அப்படியே. மூலதன நிதி என்று வந்த தொகையைத் தனியே வையுங்கள். அது வங்கியில் கிடக்கும், அந்த ஆண்டு எந்தப் பெண்ணுக்கும் போகாது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பின் வந்த நிவாரணப் பணத்துக்கும் தனிப் பத்தி வேண்டும். இல்லாவிட்டால் 2024–25இல் நன்கொடை பொங்கி வழிந்ததாக உங்கள் வரைபடம் சொல்லும்.

காப்பகச் சிறுமிகளைப் பேட்டி எடுக்க வேண்டாம். உங்கள் கேள்விக்கு விடை அவர்களிடம் இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74இன்படி அந்தக் குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடவும் கூடாது. போட்டோவும் வேண்டாம், கட்டடத்தின் முகப்புகூட வேண்டாம். பேட்டி எடுக்க வேண்டியவர்கள் கொடையாளர்கள், கணக்கு எழுதுபவர்கள்.

கொடையாளர் பன்னிரண்டு பேர் போதும். ‘போன வருஷம் எவ்வளவு தானம் செய்தீர்கள்?’ என்று கேட்டால் ஒரு முழு எண்ணைச் சொல்லிவிட்டுக் காபி கொடுப்பார்கள். நிகழ்ச்சியைப் பிடித்துக் கேளுங்கள்: திதி அன்று என்ன செய்தீர்கள், ஆடியில் கூழுக்குக் கொடுத்தீர்களா, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் அன்னதானம் உண்டா, மே, ஜூனில் பீஸ் கட்டக் கேட்டு யார் வந்தார்கள், அது பையனுக்கா பெண்ணுக்கா. கடைசிக் கேள்வியில்தான் ரசீது இல்லாத பணம் வெளியே வரும். கைக்குக் கை போகும் அந்தப் பணத்தை அமைப்புக் கணக்கோடு கூட்டவேண்டாம். ஆனால் அறிக்கையில் அதற்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள்; இந்த ஆய்வில் புதிதாக ஏதாவது கிடைத்தால் அங்கேதான் கிடைக்கும்.

பத்து மாதம் என்பது 43 வாரம், 86 நாள். விடைத்தாள் திருத்தம், மழை விடுமுறை, பொங்கல் போக 72 நாள் கையில் நிற்கும். விதி எழுதவும் ஓர் அமைப்பில் சோதித்துப் பார்க்கவும் 8 நாள், பட்டியலும் சிஎஸ்ஆரும் 10, அமைப்புகள் ஒன்றுக்கு ஒன்றரை நாள் வீதம் 27, கொடையாளர் பேட்டி 10, கணக்குச் சரிபார்ப்பு 7, எழுத 10. நாற்பது நிமிடப் பேட்டி பன்னிரண்டு என்றால் எட்டு மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரத்தை எழுத்தாக்க ஐந்து மணி நேரம் பிடிக்கும். முழுக்க எழுதாமல் தொகையும் நிகழ்ச்சியும் வரும் இடங்களை மட்டும் எழுதினால் இரண்டு நாள் மிச்சமாகும்.

கல்லூரியில் ஆட்சேபணையின்மைக் கடிதம் வாங்கும்போது ‘வாரம் இரண்டு நாள்’ என்று விட்டுவிடாதீர்கள். எந்தக் கிழமைகள் என்று எழுதி வாங்குங்கள். ஒரு நாள் கட்டாயம் வேலை நாளாக இருக்கட்டும். சனிக்கிழமையும் ஞாயிறும் என்று ஒப்புக்கொண்டால் பதிவாளர் அலுவலகமும் ஆடிட்டர் ஆபீஸும் பூட்டியிருக்கும். ஆய்வு நிறுவனத்திடம் பயணப்படி மாதத் தொகையில் அடக்கமா தனியா, வரி பிடித்துத் தருவார்களா, தமிழில் வெளியிட உங்களுக்கு உரிமை உண்டா, அமைப்புகள் தந்த கணக்குத் தாள்கள் முடிந்தபின் யாரிடம் இருக்கும் என்ற நான்கையும் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வியை அமைப்புகளும் உங்களிடம் கேட்பார்கள், முதல் சந்திப்பிலேயே.